கதவு மூடும் இடத்தில் நிறுத்தாதே

என் தம்பி மகள் அன்று இராஜபாளையத்திலிருந்து பேருந்தேறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தது, என்னிடமிருந்து ஒரே ஒரு சொல்லை வாங்கிப் போவதற்காக. "ஆகாது" என்ற சொல். நான் சொல்லிவிட்டால் அவள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. பஜனை மடத்தில் நெடுங்காலமாகப் பாசுரம் ஓதிவருகிறவன் என்பதால் உறவில் எனக்குக் கிடைத்த மதிப்பு அது. எனக்கு அதில் பெருமை உண்டு. அந்த மதிப்பைக் கொண்டு பொய்யாக எதையும் சொல்லிவிடக் கூடாதே என்ற அச்சமும் உண்டு.

கைப்பேசியை என் முன்னால் வைத்தாள். திரையைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டிச் சுட்டினாள்.

"இந்தக் கருமத்தத்தான் பெரியப்பா, எம் மக பாத்திருக்கா. ஏதோ ஒரு பாட்டு. பொம்பள ஒருத்தி நாற்காலில உக்காந்திருக்கா. திடீர்னு அவ மூஞ்சி ரெண்டாப் பொளந்து கதவு மாதிரித் தொறக்குது. உள்ள படிக்கட்டு. ஒரு சின்னப் பிள்ள அதுல எறங்கிப் போகுது. கதவு மூடிருது. அம்புட்டுத்தான், நான் வெடுக்குன்னு பிடுங்கிட்டேன்."

"பொறவு?"

"பொறவு என்ன? அன்னையிலருந்து அவ அப்பா மூஞ்சிய இவ பாக்க மாட்டேங்கா."

அவள் கணவர் இராணுவத்தில் இருக்கிறார். வடக்கே பனி விழும் மலை ஒன்றில் பணி. மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அந்தக் குழந்தை தந்தையை நேரில் கண்ட நாள்களைவிட, மாலையில் கைப்பேசியில் கண்ட நாள்களே மிகுதி. அவளுக்கு அப்பா என்றால் உள்ளங்கையளவு வெளிச்சத்தில் தெரியும் ஒரு முகம். மலைமேல் அலைவரிசை ஒழுங்காகக் கிடைக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் அசையாமல் நின்றுவிடும். சிலசமயம் கட்டம் கட்டமாகச் சிதறிப் பாதிவாய் திறந்தபடி உறையும். முன்பெல்லாம் குழந்தை அதைக் கண்டு, "அப்பா செலையாயிட்டாரு" என்று கைதட்டிச் சிரிப்பாளாம். அந்தப் பாட்டைப் பார்த்த மறுநாள் மாலை அந்த முகம் நடுவில் வெட்டுப்பட்டு நின்றதும், அலறிக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கிறாள். அதன்பின் கைப்பேசி மணியடித்தாலே காணாமல் போய்விடுகிறாள்.

"அப்பா மூஞ்சி தொறந்துரும், உள்ள போனா வர முடியாதுங்கா பெரியப்பா. அவரு ஒண்ணும் சொல்லல. 'வெளையாடட்டும், விடு'ங்காரு. ஆனா போன வைக்கும்போது அவரு கொரலு எனக்குத் தெரியும்லா? வைகாசில லீவுக்கு வாராரு. பைய எறக்கி வச்சிட்டு வாசல்ல நிக்கும்போது இவ ஓடுனான்னா, அவரு தாங்குவாரா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை என் வாயருகே கொண்டுவந்தாள்.

"இந்த மாதிரிப் பாட்டே பிள்ளையளுக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்த பேசுங்க. ரெக்கார்டு பண்ணிக்கிடுதேன். எங்க தெரு அம்மாமாரு குரூப்புல போட்டுருதேன். எல்லாரும் கேப்பாங்க."

"கைய எடு தாயி. நான் அந்தப் பாட்டப் பாக்கலியே."

"நீங்க எதுக்கு அதப் பாக்கணும்? நான்தான் சொல்லுதேன்லா?"

"நீயும் முழுசாப் பாக்கலியே."

அவளுக்குக் கோபம். காப்பியைக் கூட முழுதாகக் குடிக்கவில்லை. ஆயினும் போகும்போது அந்தப் பாட்டை என் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டுத்தான் போனாள். எதைச் சொல்வதானாலும் பார்த்துவிட்டுச் சொல்வது என்று நான் உறுதி செய்துகொண்டேன்.

மறுநாள் காலைப் பூசையை முடித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் ஒன்றும் பிடிபடவில்லை. மொழி தெரியாது, மெட்டு மட்டும் தாலாட்டின் சாயலில் இருந்தது. வெடித்துக் கிடந்த வயலின் நடுவே ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண். வானத்தில் மீன்கள் மாட்டுமந்தையைப் போல அசைந்து போயின. அவள் முகம் இரட்டைக் கதவாகத் திறந்தபோது எனக்கே முதுகு சில்லிட்டது, அதை மறைப்பதற்கில்லை. குழந்தை படியிறங்கியது. கதவு மூடியது. என் விரலும் தானாகவே திரையை நோக்கிப் போயிற்று. அதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே ஒரு வீடு. அறைதோறும் அதே பெண், வெவ்வேறு வயதில். ஓர் அறையில் தவழ்கிறாள். ஓர் அறையில் பள்ளிக்கூடப் பையோடு அழுகிறாள். இன்னொன்றில் யாருக்கோ காத்துக்கொண்டு சன்னலில் நிற்கிறாள். குழந்தை ஒவ்வோர் அறையிலும் சற்று நேரம் அவளோடு அமர்ந்துவிட்டு நடக்கிறது. கடைசியில் நாற்காலிப் பெண்ணின் உள்ளங்கையில் ஒரு சிறு வாசல் திறக்க, குழந்தை அதன்வழியே வெளியே வந்து அவள் மடியில் ஏறிக்கொள்கிறது. முகம் இப்போது வெறும் முகம். மழை விழுகிறது. வயல் பச்சையாகிறது.

தாய்க்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப்போன குழந்தையின் கதை அது. எனக்கு அப்படித்தான் பட்டது. எடுத்தவர் என்ன நினைத்தாரோ, நானறியேன்.

விந்தையானது என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை. மண்ணைத் தின்ற பிள்ளையைத் தாய் அதட்டி வாயைத் திறக்கச் சொல்ல, அந்தச் சின்ன வாய்க்குள் மலையும் கடலும் ஏழுலகும், அங்கே நின்று அதட்டிக்கொண்டிருக்கும் தன்னையும் அவளே கண்டு நடுங்கினாள் என்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். தூண் பிளந்து சிங்கமுகம் வெளிப்பட்டதையும், ஆலிலையில் ஒரு பாலகன் உலகனைத்தையும் வயிற்றில் வைத்து உறங்கியதையும் ஐந்து வயதுக்குள் கேட்டாயிற்று. முகம் கதவாவது இவற்றைவிட என்ன அதிசயம்? இவை பிள்ளைகளுக்கு ஏற்றவையா என்று எங்கள் தாய்மார் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. நாங்கள் அஞ்சி ஓடியதுமில்லை. ஏன் ஓடவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை. அது விளங்காதவரை என் தம்பி மகளுக்கு என்னால் விடை சொல்ல முடியாது.

விளங்கியது அந்தச் சனிக்கிழமை, மடத்தில்.

அன்று ஓத எடுத்துக்கொண்டது சிங்கமுகம் கொண்டவனைப் போற்றும் பாசுரங்கள். எங்கள் கூட்டத்தில் ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் ஒருவர் இருக்கிறார்; ஊரே அவரை ஏட்டையா என்றுதான் அழைக்கும். கணீரென்ற குரல், பொறுமை மட்டும் குறைவு. அசுரனின் மார்பு கிழிபடும் பாட்டு முடிந்ததும் அவர் ஏட்டை மூடினார்.

"அண்ணாச்சி, நேரமாச்சு. சுண்டல் ஆறுது. இதோட முடிச்சுக்கிடுவோம்."

"ஏட்டையா, கொடலை மாலையாப் போட்டுக்கிட்டு அவரு கோவத்தோட நிக்காரு. அப்படியே நிப்பாட்டிட்டு நாம சுண்டல் திங்கப் போனா நல்லாவா இருக்கும்?"

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே ஏட்டைத் திறந்தார். சினம் தணிந்து, பிள்ளையை மடியிலிருத்தி உச்சிமுகரும் பாட்டு வரை ஓதினோம். அது எங்கள் மடத்து வழக்கம். கொலையிலோ பிரிவிலோ சாபத்திலோ அன்றைய ஓதலை முடிப்பதில்லை. எவ்வளவு நேரமானாலும் மங்கலமான ஓரிடம் வரும்வரை போவோம். அதற்கும் வழியில்லையென்றால் முன்னே ஓதிய நல்ல பாட்டொன்றை மறுபடி எடுத்து ஓதியாவது முடிப்போம். எனக்கு முன்னிருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், நானும் செய்தேன். கேட்டவர்களின் மனம் பாதிவழியில் நின்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சுண்டலைக் கையில் வாங்கும்போது உறைத்தது. என் தம்பி மகள் கைப்பேசியைப் பிடுங்கியது கதவு மூடிய இடத்தில். பதறிய தாய் வேறென்ன செய்வாள்? ஆனால் குழந்தைக்குப் பாட்டு அங்கேயே நின்றுவிட்டது. படியிறங்கிய பிள்ளை இத்தனை நாளும் வெளியே வரவில்லை.

இதை ஏட்டையாவிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெருமாளப் பாடுன வாயி, இப்பம் ரீல்சு பாக்கப் போயிட்டாக்கும்? போனப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. சோலி முடிஞ்சுது."

"நீங்க லாக்கப்புல பூட்டுனவன் எல்லாம் திருந்திட்டானா ஏட்டையா?"

"அது வேற."

"போனப் பூட்டலாம். அவ அப்பன் மூஞ்சியுமில்ல அதுக்குள்ள இருக்கு?"

ஏட்டையா பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்தார். எனக்குக் கொடுத்த சுண்டலில் இன்னும் ஒரு கரண்டி சேர்த்துப் போட்டார்.

ஞாயிறு காலை இராஜபாளையம் போனேன். மேற்கே மலைமேல் மேகம் கவிந்திருந்தது. அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் விழுவதாகப் பேருந்தில் பேசிக்கொண்டார்கள். தம்பி மகளிடம் நான் கண்டதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"அதத் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லுதியளா? ஏற்கெனவே பயந்து கெடக்கா."

"காட்டுன்னு சொல்லல. நீ மொதல்ல பாரு. பாத்துட்டு ஆகாதுன்னா நானும் ஆகாதுன்னு சொல்லிட்டுப் போறேன்."

அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றபடியே பார்த்தாள். கதவு மூடும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெல்ல மறுபடி திரும்பினாள். சன்னலில் காத்து நிற்கும் பெண்ணைக் கண்டதும் அவள் முந்தானை கண்ணுக்குப் போயிற்று. முடிந்ததும், "வெளிய வந்துருதாளே" என்று மட்டும் சொன்னாள்.

குழந்தை முற்றத்தில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள். நான் அவளை அழைத்து உட்கார வைத்து உபதேசம் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் போய் நின்று, "அந்தப் படியில எறங்குன பிள்ள வந்துட்டா தெரியுமா?" என்றேன்.

காலைத் தூக்கியபடியே நின்றாள்.

"பொய்."

"நான் பாத்தேன். ஒங்கம்மாவும் பாத்தா."

"எப்படி வந்தா? கதவுதான் பூட்டிருச்சே."

"வேற வழி இருக்கு."

"எங்க?"

"நான் சொல்ல மாட்டேன். வேணும்னா நீ பாரு. வேண்டாம்னா வேண்டாம்."

நொண்டியை முடித்தாள். தண்ணீர் குடித்தாள். வாசலுக்குப் போய்த் தெருநாயோடு ஏதோ பேசிவிட்டு வந்தாள். நாங்கள் அழைக்கவில்லை. பிறகு தாயின் அருகே வந்து, "பாட்டுச் சத்தம் இல்லாமப் போடு. டிவில போடு. சின்னப் போன்ல வேண்டாம்" என்றாள். தாயின் மடியில் ஏறி, அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களின் மேல் வைத்துக்கொண்டாள். விரல் இடுக்கைத் தானே வேண்டிய அளவு திறந்தும் மூடியும் பார்த்தாள். கதவு மூடியபோது இடுக்கு முழுதும் அடைபட்டது. "இப்பம்?" என்றாள். "நடக்கா" என்றாள் தாய். "இப்பம்?" "நடக்கா." பிறகு இடுக்கு சற்றே விரிந்தது. உள்ளங்கை வாசல் திறந்தபோது தாய் சொல்லாமலேயே கைகளை விலக்கிவிட்டாள் குழந்தை.

"கை வழியாவா!" என்றாள். அவ்வளவுதான். சிரிக்கவுமில்லை, ஓடவுமில்லை. தாயின் உள்ளங்கையைப் பிரித்து ஒருமுறை பார்த்தாள்.

அதற்குள் தொலைக்காட்சி தானாகவே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது. பளீரென்ற வண்ணங்கள், துள்ளும் மெட்டு. ஒருவனுடைய தலை தர்ப்பூசணியாகிறது. நான்கு பேர் அவனைத் துரத்திப் பிடித்து, அவன் கெஞ்சக் கெஞ்சத் தலையை உடைத்துத் தின்று ஆடுகிறார்கள். குழந்தை கலகலவென்று சிரித்தாள். தம்பி மகளும் சிரித்தாள்.

"இது நல்லாருக்கு பெரியப்பா. காமெடி. இதுக்கெல்லாம் பயப்பட மாட்டா."

இதையும் நான் கடைசிவரை பார்த்தேன். தின்றவர்கள் அடுத்தவனைத் தேடிப் போவதோடு பாட்டு முடிந்தது. அவள் முதல்நாள் கேட்ட சொல்லை அப்போது சொன்னேன்.

"இது ஆகாது."

"மூஞ்சி பொளந்தது ஆகுமாம், தர்ப்பூசணி ஆகாதாம். நல்ல ஞாயம்!"

"அதுல பயம் இருந்தது, பாட்ட எடுத்தவன் அந்தப் பயத்தப் பெத்தவ மடிக்குக் கொண்டு வந்து சேத்தான். இதுல ஒருத்தன் கெஞ்சுதான், நாம சிரிக்கோம். முடிவுலயாவது எவனுக்காவது வலிச்சுதா? பயந்த பிள்ளைய ஆத்திரலாம் தாயி. அடுத்தவன் கெஞ்சும்போது சிரிச்சுப் பழகுன பிள்ளைய என்ன செய்வ?"

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை. சோறு ஆறும்வரை வழக்காடினோம். அசுரனின் குடலை மாலையாகப் போடும் பாட்டை ஓதுகிறவர் இதைச் சொல்லலாமா என்று அவள் கேட்ட கேள்வி கூர்மையானது. அதற்கு என்னிடமிருந்த விடை இவ்வளவுதான்: அங்கே கொடுமைக்கு ஆளான பிள்ளை ஒருவன் அருகில் நிற்கிறான், பாட்டு அவனைவிட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. தர்ப்பூசணிப் பாட்டில் பாவம் அந்த மனிதனைப் பார்க்க ஒருவருமில்லை. அவள் யோசித்துக்கொண்டே தொலைக்காட்சியை அணைத்தாள். ஒப்புக்கொண்டதாகச் சொல்லவில்லை.

பிற்பகலில் அவள் மறுபடி கைப்பேசியை என் வாயருகே பிடித்தாள். தெருத் தாய்மாருக்காக இப்போது பேசினேன். பிள்ளைகளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று பாட்டுகளை வரிசைப்படுத்தி நான் சொல்லப் போவதில்லை என்றேன். பிள்ளை பார்ப்பதைப் பெற்றவர்கள் முதலில் முழுதாகப் பாருங்கள், பிறகு பகல் வெளிச்சத்தில் பிள்ளையைத் தொட்டுக்கொண்டு பாருங்கள் என்றேன். முடிந்ததும் என்ன கண்டாய் என்று அதன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கதை தடைப்படுகிறதோ அந்த இடத்தில்தான் பிள்ளை நிற்கிறது. ஆகாது என்று பட்டால் தயங்காமல் நிறுத்துங்கள். ஆனால் அச்சத்தின் நடுவில் பிடுங்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள், பாட்டின் முடிவு நல்லதில்லையென்றால் நல்ல முடிவொன்றை நீங்களே உங்கள் வாயால் சொல்லி முடியுங்கள். இவ்வளவும் பேசியதில் எனக்கு இருமல் வந்து, அதுவும் அதில் பதிவாகிவிட்டது.

அந்தப் பதிவு ஊர்சுற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வந்து சேர்ந்தது. அடுத்த சனிக்கிழமை மடத்தில் ஏட்டையா பிடித்துக்கொண்டார்.

"ஒவ்வொரு பாட்டையும் தாய்மாரு உக்காந்து பாத்தா, சோறு ஆக்குறது யாரு அண்ணாச்சி?"

"அரிசியில கல்லுப் பொறுக்க நேரம் இருக்குல்லா? அந்த மாதிரித்தான்."

"இப்பம் அரிசியே கல்லு எடுத்துத்தான் வருது."

"பாட்டு அப்படி வரலியே ஏட்டையா. வாற வரைக்கும் நாமதான் பொறுக்கணும்."

ஆனால் குழந்தை, நான் போயிருந்த அந்த ஞாயிறு மாலையே தந்தையின் முகத்தைப் பார்த்துவிடவில்லை. மணியடித்ததும் மாடிக்கு ஓடாமல், கைப்பேசிக்கு முதுகைக் காட்டிச் சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் பேசப் பேச அந்த முதுகு கேட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு எல்லாவற்றையும் நான் சொன்னேன். "இருக்கட்டும் மாமா, முதுகையாவது பாத்தேன்லா" என்றார். பிறகு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாளாம். தோள் தெரிந்தது, காது தெரிந்தது என்று தம்பி மகள் எனக்குச் சொல்வாள்.

சித்திரை முடியும் தறுவாயில் மாம்பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். விளக்கேற்றுவதற்குச் சற்று முன் அழைப்பு வந்தது. குழந்தை தாயின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி, விளையாட வந்த தோழி பென்சிலைக் கடித்த வழக்கைத் தந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வாய் திறந்து ஏதோ கேட்க முற்பட்டார். முகம் நின்றது. நெற்றி ஒரு பக்கமும் தாடை ஒரு பக்கமுமாகப் பிளந்து, கட்டங்களாகி, அப்படியே உறைந்தது.

குழந்தையின் விரல்கள் தாயின் தோளை இறுக்குவதை நான் கண்டேன். தாயும் உணர்ந்திருக்க வேண்டும். பதறி, இணைப்பைத் துண்டிக்க அவள் கை திரைக்குப் போயிற்று.

"நிப்பாட்டாத ம்மா" என்றாள் குழந்தை. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கண்களைச் சுருக்கிக்கொண்டாளே தவிர மூடவில்லை. "செத்த நேரம் இரு. அப்பா வந்துருவாரு."

நாங்கள் மூவரும் அந்தப் பிளந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். என் உதடு தன்னையறியாமல் ஏதோ ஒரு பாசுரத்தைத் தொடங்கியிருந்தது. கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. நெற்றி தாடையோடு கூடியது. அவர் கேட்க நினைத்த கேள்வியைக் கேட்டார்.

"பொறவு? யாரு பென்சிலு அது?"

"என் பென்சிலுதான்" என்றாள் அவர் முகத்தைப் பார்த்து.